பகைவனின் கல்லறை

இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. பசித்தவருக்கு உணவளித்தல், தாகமுற்றவருக்குத் தண்ணீர் கொடுத்தல், ஆடையற்றவருக்கு ஆடை அணிவித்தல் எனச் செல்லும் வரிசையில் அது ஏழாவதாக நிற்கிறது. மறைக்கல்வி வகுப்பில் இவ்வரிசையை மனனம் செய்த நம்மில் பலருக்கு அதன் தனித்தன்மை அன்று புலப்பட்டிருக்காது. முதல் ஆறும் உயிரோடிருப்பவருக்குச் செய்யப்படுவன. அவர்கள் என்றேனும் நமக்கு நன்றி சொல்லலாம், கைம்மாறும் செய்யலாம். ஏழாவது மட்டும், கண்திறந்து நம்மைப் பார்க்கவும் இயலாத ஒருவருக்குச் செய்யப்படுவது. ஆகவேதான் நினிவே நகரில் அரசனின் சினத்துக்கு அஞ்சாது, கொலையுண்டோரின் உடல்களை இரவில் அடக்கம் செய்த தோபித்துவை விவிலியம் பெருமைப்படுத்துகிறது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தோபித்து அடக்கம் செய்தது தம் இனத்தாரின் உடல்களை. நம்மைக் கொல்ல வந்து, நம் கையால் மாண்டவனின் உடலுக்கும் இக்கடமை உண்டா? குழி தோண்டி மூடுவதோடு அது முடிந்துவிடுமா? அவன் பெயரை நினைவுகூரவும், அவனுக்காகத் துயருறவும், அவனுக்காக மன்றாடவும் நாம் கடன்பட்டவர்களா? அமைதியான மாலை வேளையில் இக்கேள்விக்கு விடை சொல்வது எளிது. போர் நடந்த மண்ணில் நின்று சொல்வது அத்துணை எளிதன்று. நம் நாட்டிலேயே அத்தகைய மண் ஒன்று உண்டு. நாகாலாந்தின் தலைநகரான கோகிமாவில், ஒரு குன்றின் சரிவில் படிப்படியாக அமைந்துள்ள போர்க் கல்லறைத் தோட்டமே அது. அதன் வரலாற்றின் துணையோடு இக்கேள்வியைச் சிறிது சிந்திப்போம்.

குன்றும் போரும்

1944-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பர்மாவைக் கைப்பற்றியிருந்த ஜப்பானியரின் பதினைந்தாம் படை, தளபதி ரென்யா முதாகுச்சியின் திட்டப்படி இந்திய எல்லையை நோக்கிப் புறப்பட்டது. இம்பாலைப் பிடிப்பது அதன் நோக்கம். இம்பாலுக்கு உணவும் படைக்கலங்களும் சென்ற ஒரே நல்ல சாலை, திமாப்பூர் இரயில் நிலையத்திலிருந்து கோகிமா வழியாகச் சென்றது. அச்சாலையைத் துண்டிக்கும் பொறுப்பு, கோதோகு சாத்தோ என்னும் தளபதியின் கீழிருந்த 31-ஆம் படைப்பிரிவுக்கு அளிக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்கான உணவை மட்டும் சுமந்துகொண்டு அவ்வீரர்கள் மலைகளைக் கடந்தனர். அதற்குள் வெற்றி கிட்டும். எதிரியின் களஞ்சியங்கள் கைக்கு வரும் என்பது மேலிடத்தின் கணக்கு.

ஏப்ரல் 4 அன்று கோகிமாவில் போர் தொடங்கியது. ஏறத்தாழ 15,000 பேர் கொண்ட படையை எதிர்த்து நின்றவர்கள் சுமார் 1,500 போர்வீரர்களே. ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாளத்து ஆங்கிலேயரும், அஸ்ஸாம் ரெஜிமெண்ட், அஸ்ஸாம் ரைபிள்ஸ் ஆகியவற்றைச் சேர்ந்த இந்தியரும் அவர்களுள் அடங்குவர். நாளடைவில் அவர்களுடைய எல்லை சுருங்கிச் சுருங்கி ஒரே குன்றாயிற்று. குடிநீர் வழி அடைபட்டது. மாவட்டத் துணை ஆணையராயிருந்த சார்லஸ் பாஸியின் மாளிகையும், அதையடுத்த டென்னிஸ் ஆடுகளமுமே போர்முனையாயின. ஆடுகளத்தின் ஒரு கரையில் ஒரு படை, மறு கரையில் மற்றொரு படை. இடைப்பட்ட சில கெஜ தூரத்தைக் கடந்து கைக்குண்டுகள் பறந்தன.

ஏப்ரல் 18 அன்று முதல் உதவிப்படை வந்து சேர்ந்தது. எனினும் போர் ஓயவில்லை. மே 13 அன்று, டாங்கி ஒன்றை மேலிருந்து ஆடுகளத்துக்குள் இறக்கிப் பதுங்குகுழிகளைச் சுட்ட பின்னரே அக்குன்று மீட்கப்பட்டது. ஜூன் 22 அன்று, கோகிமாவிலிருந்து சென்ற படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் 109-ஆம் மைல்கல் அருகே சந்தித்தன, சாலை திறந்தது. கோகிமாவில் மட்டும் பிரித்தானிய, இந்தியப் படைகளில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக 4,000-க்கு மேற்பட்டோர். ஜப்பானியர் தரப்பில் 5,700-க்கு மேற்பட்டோர். பின்வாங்கிய வழியில் பசியாலும் நோயாலும் மாண்ட ஜப்பானியர் இக்கணக்கில் அடங்கார். இம்பால், கோகிமா படையெடுப்பு முழுவதிலும் ஜப்பானியருள் சுமார் 30,000 பேர் உயிரிழந்தனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றவை பட்டினியும் நோயும் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர்.

ஒரே அளவான கல்

போர் முடிந்தபின், துணை ஆணையரின் மாளிகை நின்ற அந்தக் குன்றே கல்லறைத் தோட்டமாயிற்று. காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வடிவமைத்தார். மலைச் சரிவின் படிகளில் வரிசை வரிசையாகத் தாழ்ந்த கற்பீடங்கள். ஒவ்வொன்றின் மேலும் வெண்கலத் தகடு. அங்கே 1,420 பேர் துயில்கின்றனர். தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சின்னம் ஒன்றும் அங்குண்டு. டென்னிஸ் ஆடுகளத்தின் கோடுகளை இன்றும் காணலாம். ஜப்பானியத் துப்பாக்கி வீரர் மறைந்திருந்து சுட்ட செர்ரி மரம் போரில் அழிந்தது. அதன் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த தளிரே மீண்டும் மரமாயிற்று என்று அங்குள்ள பலகை ஒன்று கூறுகிறது.

தோட்டத்தின் கீழ்ப்பகுதியில், இறந்த பெரியோருக்காக நாகர்கள் நாட்டும் வகையைச் சேர்ந்த பெரும் பாறைக்கல் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அது பிரித்தானிய இரண்டாம் படைப்பிரிவின் நினைவுச் சின்னம். அக்கல்லைக் குன்றின்மேல் இழுத்து வந்தவர்கள் நாக மக்களே. அதில் பொறிக்கப்பட்டுள்ள புகழ்பெற்ற வாசகம், ஜான் மேக்ஸ்வெல் எட்மண்ட்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞருடையது என்பர். பண்டைய கிரேக்கர் தம் வீரர்களின் கல்லறையில் எழுதிய வரிகளைத் தழுவியது அது. உயிரோடிருப்போர் இறந்தோருக்குப் பட்டுள்ள கடனை அது வழிப்போக்கருக்கு நினைவூட்டுகிறது.

இக்கல்லறைகளின் அமைப்புக்குப் பின்னால் ஒரு கொள்கை உண்டு. முதல் உலகப் போரின்போது, ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் 1917-ஆம் ஆண்டு மே மாதம் போர்க் கல்லறை ஆணையம் நிறுவப்பட்டது. இறந்தோரைத் தாயகத்துக்கு எடுத்துச் செல்லலாகாது. தளபதிக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே அளவான கல். செல்வக் குடும்பம் பெரிய கல் எழுப்பவும் கூடாது என்னும் விதிகளைப் பிரெடரிக் கென்யன் 1918-இல் வகுத்தளித்தார். இதை எல்லாரும் மகிழ்வோடு ஏற்றுக்கொண்டனர் என எண்ணிவிடலாகாது. மகனின் உடல் வீடு திரும்பாது என்பதைத் தாங்கவியலாத அன்னையர் மன்றாடினர். கல்லில் சிலுவை பொறித்தால் போதாது, கல்லே சிலுவை வடிவாக இருக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். 1920-இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இது குறித்து விவாதமே நடந்தது. இறுதியில் சமத்துவக் கொள்கையே நிலைத்தது.

கோகிமாவில் விக்டோரியா சிலுவை என்னும் உயரிய விருது பெற்ற இருவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தனியொருவராக எதிரியின் நிலையைத் தாக்கி ஏப்ரல் 9 அன்று வீழ்ந்த ஜான் ஹார்மன் ஒருவர். பதுங்குகுழியின் துளையைத் தம் உடலாலேயே அடைத்து மே 6 அன்று உயிர்நீத்த ஜான் ராண்டில் மற்றொருவர். அவர்களுடைய பீடங்களும் அண்டையிலுள்ள பீடங்களைவிட உயர்ந்தவையல்ல. பெயர் அறியப்படாத வீரனுக்கும் அதே அளவுதான். அத்தகையோரின் கற்களில், இவரைக் கடவுள் அறிவார் என்னும் பொருள்பட எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங். 1915-இல் போரில் காணாமற்போன தம் ஒரே மகனின் கல்லறையை அவர் தம் வாழ்நாளில் காணவேயில்லை.

கல் இல்லாதவர்கள்

இவ்வளவும் வியந்து போற்றத்தக்கவை. எனினும் எந்தக் கல்லறைத் தோட்டத்தையும் அங்கே இருப்போரைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. இல்லாதோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அக்குன்றில் மாண்ட ஜப்பானியருக்கு அங்கே வரிசைகள் இல்லை. வழிகாட்டிகளாகவும் சுமைதூக்கிகளாகவும் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றோராகவும் உழைத்து, தம் ஊர்கள் எரிவதைக் கண்ட நாக மக்களுக்கு, அது அவர்களுடைய மண்ணேயாயினும், அங்கே வரிசைகள் இல்லை. ஜப்பானியரோடு வந்த இந்திய தேசிய இராணுவத்தினரும் அங்கே இல்லை. இந்தியரே இந்தியரை எதிர்த்து நின்ற போர் அது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்த இராணுவத்தில் சேர்ந்தோருள் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ் இளைஞர் பலர் இருந்தனர்.

கல் உள்ளோரிடையேயும் சமத்துவம் எங்கும் முழுமையாகக் காக்கப்பட்டதன்று. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களைப் பற்றி, போர்க் கல்லறை ஆணையமே அமைத்த சிறப்புக் குழு 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிக்கை அளித்தது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவேயில்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்புக் கோரியது. ஒரே அளவான கல் என்று விதி எழுதியவர்களின் உள்ளத்திலேயே, யாருக்குக் கல் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்னும் மற்றொரு விதி எழுதப்படாமல் இருந்திருக்கிறது.

எளிதில் தள்ளமுடியாத மறுப்பு

பகைவனுக்காகவும் துயருற வேண்டும் என்று சொல்பவரை நோக்கி எழுப்பப்படும் மறுப்பு வலிமையானது. அதை மழுப்பலாகாது. குறிப்பாகத் தமிழராகிய நமக்கு அது அயலாரின் வாதமன்று.

கோகிமாவுக்கு வந்த படையைத் தாங்கிய பர்மாப் போர்முனைக்கு உணவும் படைக்கலமும் கொண்டுசெல்வதற்காகவே, 1942-லும் 1943-லும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் இரயில் பாதை அமைத்தனர். போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரும், அவர்களைவிடப் பன்மடங்கான ஆசியத் தொழிலாளரும் அதில் வேலை வாங்கப்பட்டனர். கைதிகளுள் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களுள் பெருந்தொகையினர் மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் உள்ளன. அதே பாதையில் வாந்திபேதியால் மாண்டு காட்டிலே புதைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளிக்குத் தனிக்கல் இல்லை. பலருடைய பெயர்கூட எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே ஒருவர் கேட்கலாம்: நம் மக்களை இவ்வாறு பெயரின்றி அழித்த படையைச் சேர்ந்தவனுக்கு நாம் ஏன் மெழுகுதிரி ஏற்ற வேண்டும்? கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே கண்ணீரால் நனைத்தால் நீதி எங்கே போயிற்று? இக்கேள்வியில் சினம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. மன்னிப்பைப் பற்றி விரைந்து பேசுவோர் பெரும்பாலும் இழப்பு ஏதும் இல்லாதவர்களே என்பதையும் நாம் பங்குகளில் கண்டிருக்கிறோம்.

இம்மறுப்புக்கு விடை தேடுமுன், இருவேறு செயல்களை நாம் பிரித்தறிய வேண்டும். ஒருவருக்கு மரியாதை செலுத்துவது வேறு. ஒருவருக்காகத் துயருறுவது வேறு. மரியாதை செயலுக்கு உரியது. அது நல்லதையும் தீயதையும் எடைபோட்டுத் தரப்பட வேண்டியது. துயரமோ மனிதனுக்கு உரியது. அவன் ஒரு தாயின் வயிற்றில் பிறந்தான், கடவுளின் சாயலைத் தாங்கினான் என்பதே அதற்குப் போதும்.

இவ்வேறுபாடு மறைந்தால் என்ன நேரும் என்பதை ஜப்பானிலேயே காணலாம். டோக்கியோவில், அயல்நாடுகளில் மாண்டு அடையாளம் காணப்படாத வீரர்களின் எலும்புகளை வைத்துக் காக்கும் சிதோரிகாஃபுச்சி என்னும் தேசியக் கல்லறை 1959-இல் அமைக்கப்பட்டது. அங்கே சென்று தலைவணங்குவோரை எவரும் குறைகூறுவதில்லை. அதே நகரில் யாசுகுனி என்னும் ஆலயம் உள்ளது. அங்கே எலும்புகள் இல்லை. போரில் இறந்தோர் தெய்வங்களாகப் போற்றப்படுகின்றனர். போரைத் திட்டமிட்ட குற்றத்துக்காக வழக்குக்கு உள்ளான தலைவர்கள் 14 பேரும் 1978-இல் அவர்களோடு சேர்க்கப்பட்டனர். அன்றுமுதல் அங்கே செலுத்தப்படும் ஒவ்வொரு வணக்கமும் அண்டை நாடுகளின் காயத்தைக் கீறுகிறது. மகனை இழந்த தாயின் அழுகையையும், மகனைச் சாகவிட்ட தலைவனுக்குச் செலுத்தும் வணக்கத்தையும் பிரிக்கமுடியாதபடி செய்துவிட்டால், இறுதியில் அந்தத் தாய் அழுவதற்கே இடமில்லாமல் போகிறது.

குற்றவாளிக்காக மன்றாடுதல்

இறந்தோருக்காக மன்றாடும் வழக்கத்துக்கு நாம் சான்று காட்டும் விவிலியப் பகுதி, ஒரு போர்க்களத்தில் நடந்த அடக்கத்தைப் பற்றியதே. மக்கபேயர் இரண்டாம் நூல் பன்னிரண்டாம் அதிகாரம் அதை விவரிக்கிறது. போர் முடிந்தபின், வீழ்ந்த தம் வீரர்களின் உடல்களை எடுத்து அடக்கம் செய்ய யூதா மக்கபேயும் அவருடைய ஆள்களும் செல்கின்றனர். இறந்தவர்களின் உடைக்குள் சிலை வழிபாட்டுக்குரிய தாயத்துகள் இருப்பதைக் காண்கின்றனர். திருச்சட்டம் விலக்கியவை அவை. அவர்கள் குற்றம் செய்தவர்கள் என்பது அங்கேயே வெளியாகிவிட்டது.

யூதா என்ன செய்தார்? குற்றம் இல்லை என்று அவர் மூடி மறைக்கவில்லை. அதைக் கண்டு மக்களை எச்சரித்தார். அவர்களுடைய உடல்களை நாய்களுக்கு எறிந்துவிடவும் இல்லை. வீரர்களிடம் காணிக்கை திரட்டினார். ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளி நாணயங்களைப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். உயிர்த்தெழுதலில் அவருக்கிருந்த நம்பிக்கையே அதற்குக் காரணம் என்கிறார் ஆசிரியர்.

இப்பகுதியை உத்தரிக்கும் தலத்தைப் பற்றிய சான்றாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். அதில் அறநெறி சார்ந்த வேறொரு பாடமும் உண்டு. மன்றாட்டு என்பது இறந்தவனுக்கு நாம் அளிக்கும் நற்சான்றிதழன்று. அவன் குற்றவாளி என்பதாலேயே மன்றாட்டு தேவைப்படுகிறது. புனிதர்களுக்காக நாம் மன்றாடுவதில்லை. அவர்களை நமக்காக மன்றாடுமாறு கேட்கிறோம். ஆகையால் பகைவனுக்காக மன்றாடும்போது அவன் செய்த தீமையை நாம் மறுப்பதில்லை. அதை உரத்த குரலில் ஒப்புக்கொண்டு, தீர்ப்பை நம் கையிலிருந்து எடுத்துக் கடவுளின் கையில் வைக்கிறோம். இரயில் பாதையில் மாண்ட தொழிலாளியின் சார்பாக நாம் கேட்கும் நீதியும், கோகிமாவில் பட்டினியால் மாண்ட சிப்பாய்க்காக நாம் கேட்கும் இரக்கமும் ஒரே நடுவரிடம் செல்கின்றன.

யூதா அடக்கம் செய்ததும் தம் பக்கத்தாரைத்தானே என்று கேட்கலாம். உண்மையே. பகைவரையும் அன்பு செய்யச் சொன்னவர் அவருக்குப் பின்னர் வந்தவர். கல்வாரியில் தம்மைக் கொல்வோருக்காக அவர் மன்றாடியபோது, அவர்களின் செயலைச் சரியென்று சொல்லவில்லை. மன்னிக்குமாறு தந்தையைக் கேட்டார். பிழையென்று கருதாத ஒன்றுக்கு எவரும் மன்னிப்புக் கேட்பதில்லையன்றோ?

இறந்தோரைப் பேணுதல் பற்றி நோலா நகர ஆயர் பவுலினுஸ் கேட்டதற்கு விடையாகப் புனித அகுஸ்தினார் ஒரு சிறுநூலே எழுதினார். அடக்கச் சிறப்பும் கல்லறையின் இடமும் இறந்தோருக்கு உதவுவதைவிட உயிரோடிருப்போருக்கே ஆறுதலாகின்றன என்பது அவர் கருத்து. எனினும் உடலை அவமதித்தல் தகாது. இறந்தோருக்கு உண்மையில் உதவுவது பலியும் மன்றாட்டும் ஈகையுமே என்றும் அவர் எழுதுகிறார். அவர் சொல்வதை ஏற்றால், பகைவனுக்குக் கல் எழுப்ப மறுத்தாலும் அவனுக்கு நாம் பெரிதாகத் தீங்கிழைத்துவிட முடியாது. அம்மறுப்பு உருமாற்றுவது நம்மையே. இறந்தவனையும் வெறுக்கப் பழகிய நெஞ்சம், அவனுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எளிதில் வெறுக்கும்.

பகைவன் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை விதமான மனிதர் அடங்குகின்றனர் என்பதையும் கோகிமா காட்டுகிறது. தம் வீரர்கள் பசியால் மடிவதையும், கேட்ட உணவு வாராததையும் கண்ட தளபதி சாத்தோ, மே மாத இறுதியில் மேலிடத்தின் கட்டளையை மீறிப் படையைப் பின்வாங்கச் செய்தார். ஜப்பானிய இராணுவத்தில் அது கேள்விப்படாத செயல். அவர் பதவி நீக்கப்பட்டார். இராணுவ நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்ல விரும்பிய அவரை, மனநலம் குன்றியவர் என்று கூறி வாயடைத்தனர். அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. ஆயினும் நம்மை எதிர்த்து நின்ற படைக்குள்ளும் மனச்சான்று விழித்திருந்தது என்பதை அறிந்தபின், அப்படையில் மாண்ட அனைவரையும் ஒரே பெயரிட்டு ஒதுக்குவது கடினமாகிறது.

மற்றொரு குன்று

கோகிமாவில் நாம் காண வேண்டிய இன்னொரு குன்றும் உண்டு. அரதுரா என்னும் அக்குன்றின்மேல், நாகர் இல்லத்தின் சாயலில் கட்டப்பட்ட சகாய அன்னை மரியா பேராலயம் நிற்கிறது. அதைக் கட்டுவதற்குப் பொருளுதவி செய்தோருள், கோகிமாவில் மாண்ட ஜப்பானிய வீரர்களின் குடும்பத்தாரும் அடங்குவர். தம் பிள்ளைகளுக்குக் கல் இல்லாத ஊரில், பிறர் வழிபடுவதற்கான ஓர் ஆலயம் எழ அவர்கள் கைகொடுத்தனர்.

சாத்தோவின் படைப்பிரிவில் உணவுப் பொறுப்பாளராக இருந்து உயிர்தப்பிய மசாவோ ஹிராகுபோ என்பவர், பிற்காலத்தில் இலண்டனில் வாழ்ந்து, பர்மாப் போரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட ஆங்கிலேய, ஜப்பானிய முதியவர்களை ஒன்றுகூட்டும் பணியில் தம் நாள்களைச் செலவிட்டார். பல ஆங்கிலேய வீரர்கள் அக்கையைப் பற்றிக்கொண்டனர். வேறு பலர் மறுத்தனர். மறுத்தவர்களையும் நாம் தீர்ப்பிட இயலாது. அவர்கள் கண்டதை நாம் காணவில்லை. மன்னிப்பு கட்டளையால் வருவதன்று. காத்திருந்து பெற வேண்டிய அருள்.

நம் கல்லறைத் தோட்டங்கள்

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை என்று நாம் இதழை மூடிவைத்துவிடலாம். ஆனால் நம் பங்குகளிலும் கல்லறைத் தோட்டங்கள் உள்ளன.

போர்க்களத்தில் ஒருவரையொருவர் அறியாத இளைஞருக்கு ஒரே அளவான கல் எழுப்பிய அந்நியரின் செயலை வியக்கும் நாம், ஒரே திருமுழுக்குத் தொட்டியில் கழுவப்பட்டு, ஒரே அப்பத்தை உண்டவர்களை அடக்கம் செய்யும் முறையையும் நோக்க வேண்டும். சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய ஊர்கள் நம் தமிழகத்தில் உண்டு. சுவர் இல்லாத இடங்களிலும், யாருக்கு எந்தப் பக்கம் என்பதை எல்லாரும் அறிந்தே இருக்கின்றனர். கோகிமாவில் கல் மறுக்கப்பட்டவன் ஆயுதமேந்தி வந்த பகைவன். இங்கே இடம் மறுக்கப்படுபவர் எந்தப் போரில் நம்மை எதிர்த்தார்? பகைவனை அன்பு செய்வது கடினம் என்று நாம் சொல்வதில் பொருளுண்டு. சகோதரனைப் பகைவனாக்கிக்கொண்டு அவ்வாறு சொல்வதில் பொருளில்லை.

சாதிச் சுவரைத் தவிர வேறு சுவர்களும் உண்டு. நிலத்தகராறில் வழக்காடிய அண்ணனின் அடக்கத்துக்கு வாராத தம்பியரையும், இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒரு சொல்லுக்காக ஒரு கல்லறையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வோரையும் பங்குகளில் பணியாற்றும் எவரும் அறிவர். அவர்களுள் சிலருக்கு உண்மையிலேயே அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது. நடந்ததை மறந்துவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்வது பொய்யான போதனை. யூதா மக்கபே தாயத்துகளைக் காணாததுபோல் நடிக்கவில்லை. இழைக்கப்பட்ட அநீதியைப் பெயர் சொல்லிக் கடவுளிடம் ஒப்படையுங்கள். அதை இழைத்தவரையும் பெயர் சொல்லி அவரிடமே ஒப்படையுங்கள் என்று சொல்லலாம். கிறிஸ்தவ மன்றாட்டு அதற்குக் குறைந்து நிற்கலாகாது.

திருப்பலியில் நாம் பயன்படுத்தும் நான்காம் நற்கருணை மன்றாட்டு, கிறிஸ்துவின் அமைதியில் இறந்தோரை நினைவுகூர்வதோடு நின்றுவிடுவதில்லை. எவருடைய நம்பிக்கையைக் கடவுள் ஒருவரே அறிவாரோ, அவர்களையும் அது நினைவுகூர்கிறது. காஞ்சனபுரிக் காட்டில் பெயரின்றிப் புதைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளியும், கோகிமாச் சரிவில் பசியால் விழுந்த ஜப்பானியச் சிப்பாயும், தன் ஊர் எரிந்தபின் பிறருக்காகக் கல் சுமந்த நாகரும் அச்சொற்களுக்குள் இடம்பெறுகின்றனர். அவர்களை அங்கே சேர்ப்பது நாம் அல்லோம். நாம் சேர்க்காவிட்டாலும் அவர்கள் அங்கே இருக்கின்றனர்.

நவம்பர் 2 அன்று நாம் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வோம். களை பிடுங்கி, சுண்ணாம்பு பூசி, மாலை சூட்டி, நம்மவருக்கு மெழுகுதிரி ஏற்றுவோம். அது நம் கடமை. அதில் குறை வைக்க வேண்டாம். அதன்பின் கையில் ஒரு மெழுகுதிரியை மீதம் வைத்திருப்போமாக. சுவருக்கு அப்பால், அல்லது நாம் முகம் திருப்பிக்கொள்ளும் வரிசையில், எவரும் ஏற்றாத கல்லறை ஒன்று இருக்கும். அங்கே சென்று அதை ஏற்றுவதற்கு உள்ளம் ஒப்புகிறதா என்று பார்ப்போம். ஒப்பவில்லையாயின், அன்றைய மன்றாட்டை அந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.